திரைக்கு முன் அமரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை

என் மகன் மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டில், நாங்கள் வசிக்கும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடக்கும் மாநிலத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, இணையத்தில் கிடைக்கும் மாதிரித் தேர்வைத் திறந்து அவனை உட்கார வைத்தேன். திரையின் இடப்பக்கத்தில் ஒரு கதையும் வலப்பக்கத்தில் அதைப் பற்றிய கேள்விகளும் இருந்தன. கதையைப் படித்துவிட்டுக் கேள்விக்கு வந்தவன், கதையின் முடிவில் ஒரு சிறுமி மனம் மாறியதற்குக் காரணம் கேட்கும் வினாவைப் பார்த்துத் திகைத்துப்போய், "அம்மா, இந்தக் கதையில யாரும் மனசு மாறவே இல்லையே" என்றான். அருகில் சென்று பார்த்தேன். அவன் நிறுத்திய இடத்தில் கதை முடியவில்லை. இடப்பக்கக் கட்டத்துக்கென்று தனியாக மெல்லிய உருள்பட்டை ஒன்று இருந்தது. அதைக் கீழே இழுத்தால் ஏறக்குறைய அதே அளவுக்கு இன்னும் கதை இருந்தது. ஒரு பத்தியின் கடைசி வரி கட்டத்தின் அடிவிளிம்போடு சரியாகப் பொருந்தி நின்றதால், அத்துடன் கதை முடிந்துவிட்டது என்று ஒன்பது வயதுப் பிள்ளை எண்ணியதில் வியப்பில்லை. வாரத்துக்கு இரண்டு புத்தகம் படிக்கும் பிள்ளை, பாதிக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு முழுக் கதைக்கான விடையைத் தேடிக்கொண்டிருந்தான்.

இந்த ஆண்டு என் மகளின் முறை. இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைக் காலைகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் உதவும் தன்னார்வலராக இருந்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி பிறந்ததும் பெற்றோர்கள் இந்தத் தேர்வைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். கணினிவழித் தேர்வு ஒரு பிள்ளையிடம் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது: பாடம் தெரியுமா என்பது ஒன்று, தெரிந்ததைத் திரை வழியாகக் கொண்டுசேர்க்கக் கண்ணுக்கும் கைக்கும் பழக்கம் இருக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சில நாள்களில் சரிசெய்துவிடலாம். முதலாவது ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, மார்ச், ஏப்ரல் மாதங்கள் முழுவதும் பிள்ளையைத் திரை முன் உட்கார்த்தி வைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

கலிபோர்னியாவில் 2013 வரை பிள்ளைகள் இத்தகைய தேர்வைத் தாளில் எழுதினார்கள். விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் நிரப்பும் முறை அது. 2014-இல் கணினிவழித் தேர்வு சோதனை முறையில் நடந்தது, 2015 முதல் அதுவே மாநிலத் தேர்வானது. பல மாநிலங்கள் கூடி உருவாக்கிய 'ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு' என்ற தேர்வு அது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலும், பிறகு பதினோராம் வகுப்பிலும், ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் வசந்த காலத்தில் நடக்கிறது. ஐந்தாம் வகுப்பில் அறிவியலும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று குறுவினாக்கள். மற்றொன்று, ஒரே சூழலையோ தலைப்பையோ சுற்றி அமைந்த நீண்ட பணி. ஆங்கிலத்தில் அது இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்து, அவற்றிலிருந்து செய்தி எடுத்து, தானே ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்வதாக இருக்கும்.

தாளிலிருந்து திரைக்கு மாறியது பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நல்ல சான்று கிடைத்தது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அங்கே சில பள்ளிகள் ஒரே தேர்வைத் தாளிலும் சில பள்ளிகள் கணினியிலும் நடத்தின. அந்த முடிவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், கணினியில் எழுதிய பிள்ளைகள் தாளில் எழுதியவர்களைவிடப் பின்தங்கியதையும், அந்த இடைவெளி கணிதத்தைவிட ஆங்கிலத்தில் பெரிதாக இருந்ததையும், இரண்டாம் ஆண்டில் அது குறைந்ததையும் கண்டார்கள். பழக்கமின்மை ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பதும், அந்தக் குறை பழகப் பழகச் சுருங்கும் என்பதும் இதிலிருந்து எனக்குத் தெளிவாகின்றன. உருள்பட்டையைக் காணாமல் விட்ட என் மகனுக்கு வாசிப்பில் குறையில்லை என்று நான் நம்பியதற்கும் இது துணை நின்றது.

பழக்குவதற்கான வழி எளியது, காசும் வேண்டியதில்லை. கலிபோர்னியா மாநிலமே மாதிரித் தேர்வுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. பெயரோ கடவுச்சொல்லோ தராமல் விருந்தினராக உள்ளே நுழைந்து, வகுப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு வகை இருக்கின்றன: கருவிகளைப் பழகுவதற்கென்றே அமைந்த சிறு பயிற்சித் தேர்வு ஒன்று, உண்மைத் தேர்வைப் போன்ற முழு மாதிரித் தேர்வு மற்றொன்று. முதலில் சிறியதைத் திறந்து, விடையைப் பற்றிய கவலையே இல்லாமல் பிள்ளையை ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்க விடுங்கள். கதையைத் திரை அகலத்துக்கு விரித்துக் காட்டும் பொத்தான் உண்டு. என் மகனுக்கு அதைக் காட்டிய பிறகு உருள்பட்டைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. சொற்களுக்கு வண்ணம் தீட்டுவது, தவறென்று தெரிந்த விடையின் குறுக்கே கோடிடுவது, வரியை விட்டு வரி தாவாமலிருக்க உதவும் வாசிப்புக்கோடு, மீண்டும் பார்க்க வேண்டிய கேள்விக்கு அடையாளமிடுவது, எழுத்தைப் பெரிதாக்குவது ஆகிய எல்லாமே எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவை. எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று கைக்கு வந்தால் போதும்.

எந்தக் கருவியில் பழகுகிறார்கள் என்பதிலும் கவனம் வேண்டும். நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் பயன்படுத்துவது தொடுதிரைப் பலகைதான். பள்ளியிலோ பெரும்பாலும் குரோம்புக் என்ற மடிக்கணினி. ஒரு சிறுவன், பின்னங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தும் கேள்வியில், விடைக்கட்டத்தை விரலால் திரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான், அது நகரவில்லை. விசைப்பலகைக்குக் கீழே இருக்கும் டிராக்பேடில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நகர்த்த வேண்டும் என்று காட்டியபோது, பாதி வழியில் விரல் எழும்பி, கட்டம் பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. நான்காம் முறை வரும்போது எது பெரிய பின்னம் என்று அவன் முன்பே சரியாகச் சொன்னதையே மறந்துவிட்டான். அடுத்த வாரமும் வந்து, வேறு எதுவும் செய்யாமல் கட்டங்களை இழுத்துவிடுவதை மட்டும் பத்து நிமிடம் பழகினான். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கேள்விகளின் வடிவங்களும் பழகிக்கொள்ள வேண்டியவையே. சரியான விடைகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் ஒன்றை மட்டும் தேர்ந்துவிட்டு நகரும் பிள்ளைகள் மிகப் பலர். ஆங்கிலத்தில் இரண்டு பகுதிகளாக வரும் கேள்வி இன்னொன்று: முதல் பகுதியில் ஒரு கருத்து, இரண்டாம் பகுதியில் அந்தக் கருத்துக்கு ஆதாரமான வாக்கியம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று ஒருமுறை விளக்கினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். காதால் கேட்டு விடையளிக்கும் பகுதிக்கு ஹெட்போன் தேவை. ஒலியளவைச் சரிசெய்வதும், பதிவை மறுபடி ஓடவிடுவதும் வீட்டிலேயே தெரிந்துகொள்ளக்கூடியவை.

தாளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். தேர்வு கணினியில் என்றாலும், பிள்ளைகள் வெற்றுத்தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளலாம். தேர்வு முடிந்ததும் அந்தத் தாளைப் பள்ளி திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் திரை முன் உட்கார்ந்த பிள்ளைக்குத் தாளின் நினைவே வருவதில்லை. வகுப்பில் நான்கு வரி எழுதிப் போடும் கணக்கை, திரையில் பார்த்த மாத்திரத்தில் மனத்துக்குள்ளேயே போட்டுவிடப் பார்க்கிறார்கள். சென்ற ஆண்டு நூலகத்துக்கு வந்த ஒரு சிறுமி, ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீள அகலம் கொடுத்துப் பரப்பளவு கேட்ட கணக்கில் மூன்று முறை மூன்று வெவ்வேறு விடை சொன்னாள். தாளைக் கையில் கொடுத்து, "திரையில் இருக்கும் படத்தை இங்கே வரைந்துகொள்" என்று மட்டும் சொன்னேன். செவ்வகத்தை வரைந்து, பக்கங்களில் எண்களை எழுதி, வாய்க்குள்ளேயே வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்து, சரியான விடையைத் தட்டினாள். அவளுக்குப் பெருக்கல் தெரியாமல் இல்லை. திரையிலிருந்து எண்ணைக் கையால் தாளுக்கு இறக்கி, தாளில் கிடைத்த விடையை மீண்டும் திரைக்கு ஏற்றும் போக்குவரத்துதான் பழகவில்லை. ஆகவே வீட்டில் மாதிரித் தேர்வுக்கு உட்காரும்போது, விசைப்பலகைக்கு வலப்பக்கத்தில் தாளும் பென்சிலும் இருப்பதை நான் கட்டாயமாக்கிவிட்டேன்.

வாய்ப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஓரிலக்க எண்களின் பெருக்கல்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட 'காமன் கோர்' என்ற பொதுப் பாடத்தரமே சொல்கிறது. மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தேர்வில் கணிப்பான் கிடையாது. ஆறாம் வகுப்பில்தான் சில கேள்விகளுக்கு வருகிறது. நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த ராகத்தோடு வாய்ப்பாடு சொல்வதை இங்கே பழைய முறை என்று ஒதுக்க வேண்டியதில்லை. என் மகள் காரில் பள்ளிக்குப் போகும் வழியில் ஏழாம் வாய்ப்பாட்டையும் எட்டாம் வாய்ப்பாட்டையும் தமிழில்தான் சொல்கிறாள்.

எல்லாவற்றையும்விட நேரம் பிடிப்பது தட்டச்சு. பொதுப் பாடத்தரத்தின்படி நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரே அமர்வில் ஒரு பக்கமும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டு பக்கமும் தட்டச்சு செய்யும் திறன் பெற வேண்டும். ஆனால் மூன்றாம் வகுப்புத் தேர்விலேயே கட்டுரையைத் தட்டச்சுதான் செய்ய வேண்டும். என் மகள் சென்ற கோடையில் 'பிகாஸ்' என்ற சொல்லைத் தட்டச்சு செய்வதை நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். முதல் எழுத்தைத் தேடி வலக்கைச் சுட்டுவிரல் விசைப்பலகையின் மேல் வரிசையில் ஊர்ந்தது, நடு வரிசைக்கு வந்தது, கடைசியில் கீழ் வரிசையில் கண்டுபிடித்தது. அடுத்த எழுத்துக்கு மீண்டும் மேலே போனது. ஏழு எழுத்தும் முடிந்து நிமிர்ந்தபோது, "அதுக்கப்புறம் என்ன சொல்ல வந்தேன்?" என்று என்னையே கேட்டாள். கையெழுத்தில் ஒரு பக்கம் தங்குதடையின்றி எழுதுகிற பெண் அவள். விரல் எழுத்தைத் தேடும் நேரத்தில் எண்ணம் கலைந்துபோனது.

தேர்வுக்கு முந்தைய மாதத்தில் தொடங்கினால் இது கைகூடாது. நாங்கள் செப்டம்பரில் தொடங்கினோம். நாளுக்குப் பத்து நிமிடம், விரல்களை உரிய விசைகளில் வைத்து, கையைப் பார்க்காமல் அடிப்பது. அதற்கு மேல் கேட்டாலும் விடுவதில்லை. இரண்டு மாதம் கழித்து, பயிற்சியை ஒரு காரியத்தோடு இணைக்க வேண்டும் என்று தோன்றியது. கும்பகோணத்தில் இருக்கும் என் மாமனார் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவது என்று ஏற்பாடு செய்தோம். முதல் கடிதம் நான்கு வரி. தாத்தா விடமாட்டார், "பூனை உயரத்தில் ஏறியது என்கிறாயே, எதன் மேல் ஏறியது, எப்படி இறங்கியது?" என்று கேட்டு பதில் போடுவார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே கடிதங்கள் நீண்டன. தேர்வுக் கட்டுரையைத் திருத்துபவர்களும் இவற்றைத்தான் பார்க்கிறார்கள்: நோக்கமும் ஒழுங்கும், ஆதாரமும் விரிவும், எழுத்துப்பிழை நிறுத்தற்குறி முதலான மொழி மரபுகள். படித்த கட்டுரையிலிருந்து வரிகளை அப்படியே படியெடுத்து ஒட்டினால் அதற்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இந்தத் தேர்வில் பெற்றோர் பலரும் அறியாத ஒரு குணம் இருக்கிறது. பிள்ளைகளின் மனநிலையை அதிகம் பாதிப்பதும் அதுவே. குறுவினாப் பகுதி ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. சரியாக விடையளிக்க அளிக்க, அடுத்து வரும் கேள்விகள் கடினமாகின்றன, தவறினால் எளிதாகின்றன. ஆகவே நன்றாகச் செய்துகொண்டிருக்கும் பிள்ளையின் திரையில்தான் வகுப்பில் கேள்விப்பட்டிராத கணக்குகள் தோன்றும். என் மகன் தேர்வு முடிந்து வந்த அன்று மாலை சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். "டீச்சர் சொல்லிக்கொடுக்காதது எல்லாம் வந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று அழுதான். முடிவு வந்தபோது கணிதத்தில் அவன் நான்கு நிலைகளில் மேல்நிலையில் இருந்தான். இப்படித்தான் இருக்கும் என்று முன்பே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அந்த அழுகை வந்திருக்காது. அதற்குப் பிறகு நூலகத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்கிறேன்: "கடினமான கேள்வி வந்தால், நீ அதற்கு முந்தைய கேள்விகளைச் சரியாகச் செய்திருக்கலாம் என்று அர்த்தம். யோசித்துப் பார், தெரிந்தவரை விடை கொடு, அடுத்ததற்குப் போ." விடையளிக்காமல் அடுத்த பக்கம் போக முடியாது என்பதால், இந்தக் கடைசி வரி மிகத் தேவையானது.

மற்றொன்று நேரம். தமிழ்நாட்டில் படித்த நமக்குத் தேர்வு என்றால் மணியடிப்பதும், 'கடைசிப் பத்து நிமிடம்' என்ற கண்காணிப்பாளரின் குரலும், நூல் கட்டும் அவசரமும்தான் நினைவு. அந்த அவசரத்தைப் பிள்ளைகளிடம் கடத்திவிடுகிறோம். இந்தத் தேர்வுக்கு நேர வரம்பு இல்லை. பிள்ளைக்கு வேண்டிய நேரத்தைப் பள்ளி கொடுக்கும். பல நாள்களாகப் பிரித்தும் நடத்துவார்கள். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு: குறுவினாப் பகுதியில் இருபது நிமிடத்துக்கு மேல் இடைநிறுத்தினால், முன்பு செய்த கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. எனவே அடையாளமிட்ட கேள்விகளை அன்றைய அமர்வு முடிவதற்கு முன்பே திரும்பப் பார்த்துவிடப் பழக்கலாம். வீட்டில் மாதிரித் தேர்வுக்குக் கடிகாரம் வைக்கும் பெற்றோரிடம், கடிகாரத்தை எடுத்துவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் குளிர்காலத்திலேயே ஆசிரியரிடம் பேசிவிட வேண்டும். கேள்வியைக் கணினி உரக்கப் படித்துக் காட்டுவது, தனி அறையில் எழுதுவது, கணிதத்தில் சில மொழிகளுக்குச் சொற்பொருள் உதவி ஆகியவை இருக்கின்றன. ஆனால் அவற்றை அந்தப் பிள்ளையின் பெயரில் முன்கூட்டியே பதிவு செய்தால்தான் தேர்வன்று திரையில் வரும். அன்று காலையில் போய்க் கேட்பது பயன் தராது.

பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் தடித்த பயிற்சிப் புத்தகங்களைப் பற்றியும் என்னிடம் கேட்பவர்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: வேண்டாம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையை வாரத்துக்கு மூன்று நாள் மாதிரித் தேர்வு எழுத வைத்தால், தேர்வு வருவதற்குள் அதன் மீது வெறுப்பு வந்துவிடும். என் கணக்கில், சிறு பயிற்சித் தேர்வுக்கு இரண்டு அமர்வு, ஆங்கிலத்துக்கு இரண்டு, கணிதத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம்; மொத்தம் மூன்று மணி நேரத்தில் திரையைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். மீதி நேரம் புத்தகம் படிக்கட்டும், படித்ததைப் பற்றி இரவுச் சாப்பாட்டின்போது பேசட்டும். "அந்தப் பையன் பயந்தவன் என்று உனக்கு எப்படித் தெரியும், எந்த இடத்தில் தெரிந்தது?" என்று நாம் கேட்டால், இரு பகுதிக் கேள்விக்கான பயிற்சி சோற்றுத்தட்டின் முன்னாலேயே நடந்துவிடும்.

முடிவுகள் நான்கிலக்க எண்ணாக வரும். மூன்றாம் வகுப்பில் எதிர்பார்க்கப்படும் தரம் ஆங்கிலத்தில் 2432-இலும் கணிதத்தில் 2436-இலும் தொடங்குகிறது. இந்த எண்ணைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடுவதில் எந்தப் பொருளும் இல்லை. அடுத்த ஆண்டு அதே பிள்ளையின் எண்ணோடு ஒப்பிட்டால் ஓரளவு பொருள் உண்டு. விருப்பமில்லாத பெற்றோர் எழுத்து மூலம் தெரிவித்துப் பிள்ளையைத் தேர்விலிருந்து விலக்கிக்கொள்ளவும் கலிபோர்னியாவின் கல்விச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் அந்த வழியை நாடவில்லை. மகளும் எழுதத்தான் விரும்புகிறாள்.

அவளுக்கு மே மாதம் இரண்டாம் வாரத்தில் தேர்வு தொடங்குகிறது. சென்ற சனிக்கிழமை ஆங்கில மாதிரித் தேர்வுக்கு உட்கார்ந்தவள், கதை திரையில் வந்ததும் முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே கட்டத்தை விரித்து, அடிவரை ஓட்டி முடிவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மேலே திரும்பி வந்து படிக்கத் தொடங்கினாள். கேட்டு விடையளிக்கும் பகுதியில்தான் இன்னும் தடுமாற்றம். பதிவு ஒருமுறை ஓடியதும் கேள்விக்குத் தாவிவிடுகிறாள், மறுபடி கேட்கலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை. வரும் சனிக்கிழமை அரை மணி நேரம் அதற்கு மட்டும் வைத்திருக்கிறோம். ஞாயிறன்று வழக்கம்போலத் தாத்தாவுக்குக் கடிதம். எங்கள் தோட்டத்து எலுமிச்சையில் கூடு கட்டியிருக்கும் குருவியைப் பற்றி இந்த முறை எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.